இரண்டு மரங்களும் ஒரு முதுகும்

மலிவு விலை ஹாமக்கின் உறையில் ஒரு சின்னத் துணிச்சீட்டு தைத்திருக்கும். ‘200 கிலோ தாங்கும்’ என்று அதில் போட்டிருக்கும். எந்தக் கோணத்தில் தாங்கும் என்று போட்டிருக்காது. கோணத்தைச் சொல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. வாங்குபவர் யாரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் இரு மரங்களுக்கு நடுவே தொங்குகிறார். பக்கத்துக்கு ஒரு கயிறு என்பதால் எடையைப் பாதியாகப் பிரித்து 35 கிலோ என்று கணக்குப் போடத் தோன்றும். கயிறுகள் செங்குத்தாகத் தொங்கினால் அது சரி. நம் வீட்டுத் தூளியில் புடவையின் இரு தலைப்புகளும் உத்திரத்தில் ஒரே இடத்திலிருந்து கிட்டத்தட்ட நேராக இறங்குகின்றன. அதனால் பிள்ளையின் எடையைத் தவிர அந்த மரத்துக்கு வேறு சுமை இல்லை. ஹாமக்கில் கயிறு சாய்ந்து போகிறது. சாய்ந்த கயிற்றின் இழுவிசையில் மேல்நோக்கிய பங்கு மட்டுமே ஆளைத் தாங்கும். மீதி முழுக்க இரண்டு மரங்களையும் ஒன்றையொன்று நோக்கி இழுப்பதில் செலவாகிறது.

எடையை, கோணத்தின் சைனைப் போல இரண்டு மடங்கால் வகுத்தால் ஒரு கயிற்றின் இழுவிசை கிடைக்கும். கயிறு கிடைமட்டத்திலிருந்து 45 பாகை இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 50 கிலோ. 30 பாகையில் சரியாக 70 கிலோ, அதாவது ஒவ்வொரு கயிறும் முழு ஆளைத் தாங்குகிறது. 10 பாகைக்கு வந்தால் 200. 5 பாகை, அதாவது கண்ணுக்கு ஏறக்குறைய நேர்கோடாகத் தெரியும் நிலையில், 400 கிலோ! இதுவும் ஆடாமல் அசையாமல் படுத்திருக்கும்போதுதான். தொப்பென்று உட்கார்ந்தால் அந்தக் கணத்தில் சுமை இரு மடங்காகும். இறுக்கிக் கட்டிய ஹாமக்கில் ஒல்லியான ஆள் உட்கார்ந்தும் கயிறு அறுவதற்குக் காரணம் இதுதான். அமெரிக்காவில் வீட்டு முற்றத்துச் செங்கல் தூணில் ஹாமக் கட்டி, தூண் சரிந்து உயிர் போன சம்பவங்கள் உண்டு. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டிய தூணுக்குப் பக்கவாட்டு இழுப்பு பழக்கமில்லாதது.

ஆனாலும் எல்லோரும் இறுக்கித்தான் கட்டுகிறார்கள். கயிறு விறைப்பாக இருந்தால் படுக்கை சமமாக இருக்கும் என்ற எண்ணம். நடப்பது நேர்மாறு. இறுக்கிய துணியின் இரு ஓரங்களும் உயர்ந்து தோள்களை நெருக்கும். முதுகு வளைந்து, காலையில் இடுப்பு வலிக்கும். தளர்வாகக் கட்டி, துணியின் நடுக்கோட்டில் படுக்காமல் குறுக்காக, தலை ஒரு பக்கமும் கால் எதிர்ப்பக்கமுமாகச் சாய்ந்து படுத்தால் உடல் ஏறக்குறைய தட்டையாகிவிடும். பிரேசிலிலும் மெக்சிகோவின் யுகடான் பகுதியிலும் தலைமுறை தலைமுறையாக ஹாமக்கில் உறங்குபவர்கள் இப்படித்தான் படுக்கிறார்கள். கொலம்பஸ் 1492இல் பஹாமாஸ் தீவுகளில் இறங்கியபோதே அங்குள்ள மக்கள் பருத்தி வலைகளைக் கட்டிப் படுத்திருந்தார்கள். ஐரோப்பியக் கப்பல்கள் அந்தப் படுக்கையை எடுத்துக்கொண்டன. இட நெருக்கடியில் மாலுமிகளைக் கப்பலின் நீளவாட்டில் வரிசையாகத் தொங்கவிட்டன. குறுக்காகப் படுக்கும் வித்தைக்கு அங்கே இடமில்லை.

தளர்வாகக் கட்ட ஏற்ற கோணம் முப்பது பாகை. அதை அளக்கக் கருவி வேண்டாம். ஆள்காட்டி விரலைக் கிடைமட்டமாக நீட்டி, கட்டைவிரலை நேராக உயர்த்துங்கள். இரு விரல் நுனிகளையும் இணைக்கும் கற்பனைக் கோடு பெரும்பாலோருக்கு முப்பதை ஒட்டியே வரும். மரத்தைச் சுற்றிக் கட்டும் பட்டையின் சாய்வு அந்தக் கோட்டோடு பொருந்தினால் போதும். அனுபவப்பட்டவர்கள் இன்னொன்று செய்வார்கள்: ஹாமக்கின் இரு முனைகளுக்கும் இடையே மெல்லிய கயிறு ஒன்றைத் தலைக்கு மேலாக நிரந்தரமாகக் கட்டிவிடுவார்கள். அதன் நீளம் துணியின் நீளத்தில் 83 சதவீதம். 3.3 மீட்டர் துணிக்கு 2.75 மீட்டர் கயிறு. முப்பது பாகையின் கொசைனான 0.866ஐவிடச் சற்றே குறைவு. இது இருந்தால் மரங்கள் எவ்வளவு தள்ளி நின்றாலும் தொய்வு மாறாது. பத்திருபது ரூபாய்க் கயிற்றில் கிடைக்கும் வசதி இது. விலையுயர்ந்த ஹாமக்குகளில் இதையே ஒரு சிறப்பம்சமாக விளம்பரப்படுத்துகிறார்கள்.

மரங்களுக்கு இடையே நாலரை மீட்டர் இருந்தால், ஒரு பக்கத்துக்குப் பட்டை அரை மீட்டர் இறங்கும். துணி மேலும் 80 செ.மீ. தொய்யும். உட்காரும் உயரம் 45 செ.மீ. வேண்டுமென்றால் பட்டையை மரத்தில் 1.75 மீட்டர் உயரத்தில், சராசரி ஆளின் தலைமட்டத்தில் கட்ட வேண்டும். தலைக்கு மேலே காய்ந்த கிளை எதுவும் இருக்கக் கூடாது.

ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் 2011இல் 12 பேரை ஆடும் கட்டிலில் பகல் தூக்கம் தூங்க வைத்து மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். நான்கு நொடிக்கு ஒரு முறை ஆடிய கட்டிலில் அவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள், ஆழமாகவும் தூங்கினார்கள். ஹாமக் விற்பவர்கள் இந்த ஆய்வைத் தூக்கிப் பிடிப்பது வழக்கம். ஆனால் நான்கு நொடி அலைவுக்குச் சுமார் 4 மீட்டர் நீள ஊசல் வேண்டும். நம் ஹாமக்கில் உடல், பட்டை கட்டிய உயரத்திலிருந்து ஒன்றேகால் மீட்டருக்குள்தான் தொங்குகிறது. அது இரண்டேகால் நொடிக்கு ஒரு முறை ஆடும். ஜெனீவாக் கட்டிலின் தாலாட்டைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகம். ஹாமக்கில் நல்ல தூக்கம் வருவதை நான் மறுக்கவில்லை. அந்த ஆய்வு அதற்குச் சாட்சி இல்லை என்றுதான் சொல்கிறேன்.

இனி துணி. கடைப் பட்டியலில் 70டி, 40டி, 20டி என்று வரும் எண் டெனியர்: 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். 70 டெனியர் நைலான் துணி சதுர மீட்டருக்கு 65 முதல் 70 கிராம் வரை இருக்கும். 40 டெனியர் சுமார் 55. ‘இருவருக்கானது’ என்று விற்கும் மலிவு ஹாமக் 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்டது. துணி மட்டுமே 400 கிராம் வரும். அதன் அகலம் ஒருவருக்குத் தேவையில்லாதது, நீளமோ போதாதது. குறுக்காகப் படுக்க நீளம்தான் வேண்டும். ஐந்தேமுக்கால் அடி ஆளுக்கு 3.3 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் இருந்தால் தாராளம். 40 டெனியரில் அது 270 கிராம்தான். எடை குறைவதோடு தூக்கமும் நன்றாக வரும். ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது துணியின் நீளம்.

நைலானா பாலியெஸ்டரா என்ற கேள்வியும் எழும். டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1935இல் உருவாக்கிய நைலானின் மூலக்கூறுச் சங்கிலிகள் நீரை ஈர்ப்பவை. ஈரத்தில் அது நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டிய நைலான் தார்ப்பாய் நள்ளிரவு மழையில் தொய்ந்து முகத்துக்கு இறங்கும். பாலியெஸ்டர் ஏறக்குறைய நீரே குடிப்பதில்லை. எனவே படுக்கும் துணிக்கு, சற்றே நெகிழ்ந்து உடலோடு இழையும் நைலான். தார்ப்பாய்க்கும் மரத்தைச் சுற்றும் பட்டைக்கும் பாலியெஸ்டர். நைலான் பட்டை இரவு முழுக்க மெல்ல மெல்ல நீண்டு, விடியும்போது முதுகைத் தரையில் சேர்த்துவிடும். பட்டை குறைந்தது இரண்டரை செ.மீ. அகலம் இருக்கட்டும். மெல்லிய கயிறு மரப்பட்டைக்குள் வெட்டி இறங்கினால், அதற்குச் சற்று உள்ளே இருக்கும் வளர்திசு நசுங்கும். மரத்தின் வளர்ச்சி நடப்பதே அந்த மெல்லிய அடுக்கில்தான்.

விலையுயர்ந்த பொருளில் பணம் போடத் தகுந்த ஒரே இடம் கயிறு என்பேன். நெதர்லாந்தின் டிஎஸ்எம் நிறுவனத்தில் பால் ஸ்மித்தும் பீட் லெம்ஸ்ட்ராவும் எழுபதுகளின் இறுதியில் சாதாரணப் பாலித்தீனின் மிக நீளமான மூலக்கூறுகளைக் கரைப்பானில் கரைத்து, இழையாக இழுத்து, எல்லாவற்றையும் ஒரே திசையில் படுக்க வைத்தார்கள். டைனீமா பிறந்தது. எடைக்கு எடை எஃகைவிடப் பல மடங்கு வலிமை, நீரில் மிதக்கும். மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனில் 700 கிலோவுக்கு மேல் தாங்கும். இதிலேயே முழு முதுகுப்பையும் தார்ப்பாயும் செய்து பல்லாயிரம் ரூபாய்க்கு விற்கிறார்கள். ஆனால் ஹாமக்குக்குத் தேவை நாலைந்து மீட்டர்தான். மலிவு ஹாமக்கோடு வரும் இரும்புக் காரபினர் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு டைனீமா வளையங்களை மாட்டினால் நூறு கிராமுக்கு மேல் மிச்சம். இரண்டு எச்சரிக்கைகள்: இந்த இழை வழவழப்பானது, சாதாரண முடிச்சு வழுக்கிக்கொண்டு வரும்; கயிற்றின் முனையைக் கயிற்றுக்குள்ளேயே செருகித்தான் கண்ணி போட வேண்டும். சுமார் 145 பாகை செல்சியஸில் உருகிவிடும், அடுப்புப் பக்கம் போகக் கூடாது.

குளிர் விஷயத்தில்தான் மலிவு ஹாமக் வாங்கியவர் முதல் இரவிலேயே ஏமாறுவார். உறக்கப்பை வெப்பத்தைக் காப்பது தனக்குள் சிறைப்பிடித்த காற்றால். உடலுக்கு அடியில் அது நசுங்கிக் காற்று வெளியேறிவிடும். தரையில் படுத்தால் மண்ணாவது காற்றைத் தடுக்கும். ஹாமக்கில் முதுகுக்குக் கீழே மலைக்காற்று தடையின்றி ஓடுகிறது. வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்கினாலே முதுகு சில்லிடத் தொடங்கும். வசதி உள்ளவர்கள் ஹாமக்குக்கு வெளியே, நசுங்காதபடி, இறகு அடைத்த போர்வை ஒன்றைத் தொங்கவிடுவார்கள். ஹாமக்கைவிட அதற்கு விலை அதிகம். மலிவான வழி, மூடிய குமிழ்கள் கொண்ட ஃபோம் பாய். அது இரவில் நழுவும். அதற்காகவே இரட்டை அடுக்குத் துணி ஹாமக் வாங்கச் சொல்வேன்: இரு அடுக்குக்கும் நடுவே பாயைச் செருகினால் அசையாது. ஒற்றை அடுக்கு நைலான் வழியாகக் கீழிருந்து முதுகில் கடிக்கும் கொசுவுக்கும் இரண்டாவது அடுக்கு தடை. கூடுதலாகச் சுமக்கும் இருநூறு சொச்சம் கிராமுக்கு இரண்டு வேலைகள் நடக்கின்றன.

மழையில் தார்ப்பாய் சரியாக இருந்தும் ஹாமக் நனைவதுண்டு. மரத்தில் வழியும் நீர் பட்டையில் ஏறி, அதன் சரிவோடு ஓடி வந்து துணியில் இறங்குகிறது. தார்ப்பாய் விளிம்புக்கு உள்ளே, பட்டையில் ஒரு முழப் பருத்தி நூலைக் கட்டித் தொங்கவிட்டால் நீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும்.

இப்போது முதுகில் சுமந்து நடக்க வேண்டிய எல்லாவற்றையும் தராசில் வைக்கலாம். இரட்டை அடுக்கு ஹாமக் 500 கிராம், பட்டையும் கயிறும் 250, தார்ப்பாய் 600, கொசுவலை 300, ஃபோம் பாய் 350. மொத்தம் 2 கிலோ. மலிவான ஒற்றை ஆள் கூடாரமும் பாயும் சேர்ந்து ஏறக்குறைய இதே எடைதான் வரும். ஹாமக் எடை குறைவு என்ற பேச்சு, உறையில் அச்சிட்ட துணி எடையை மட்டும் பார்ப்பதால் வருவது. ஹாமக்கின் உண்மையான லாபம் வேறு: வேரும் கல்லும் சரிவும் ஈரமுமான தரையில் சமதளம் தேட வேண்டியதில்லை. அமெரிக்காவின் கிழக்கே, ஜார்ஜியாவிலிருந்து மேய்ன் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் பாதையில் பெரும்பகுதி காடு. ஹாமக் அங்கே செல்லப்பிள்ளை. மேற்கே பசிபிக் கிரெஸ்ட் பாதை பாலைவனத்தையும், மரமே முளைக்காத சியரா நெவாடா உயரங்களையும் கடக்கிறது. அங்கே ஹாமக் வெறும் சுமை.

அப்பலாச்சியன் பாதையை ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் எம்மா கேட்வுட். ஆண்டு 1955, வயது 67, பதினொரு பிள்ளைகளின் தாய். கையால் தைத்த ஜீன்ஸ் துணிப் பை ஒன்றை ஒரு தோளில் போட்டுக்கொண்டார். கூடாரம் இல்லை, மழைக்குக் குளியலறைப் பிளாஸ்டிக் திரை, குளிருக்கு ஒரு ராணுவக் கம்பளி, காலுக்குச் சாதாரண கேன்வாஸ் ஷூ. இன்று அவரை முதுகுச்சுமையைக் குறைக்கும் இயக்கத்தின் பாட்டியாகக் கொண்டாடுகிறார்கள். அவருடைய மன உறுதியை விட்டுவிட்டு ஒற்றைத் தோள் பையை மட்டும் பின்பற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

ஏனெனில் சுமை எங்கே உட்காருகிறது என்பதும் அதன் அளவைப் போலவே முக்கியம். அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் பாண்டால்ஃப், கிவோனி, கோல்ட்மன் 1977இல் ஒரு சூத்திரம் தந்தார்கள்: உடல் எடை, சுமை, வேகம், ஏற்றம், தரையின் தன்மை ஆகியவற்றைப் போட்டால் நடப்பவர் எரிக்கும் ஆற்றல் வரும். எழுபது கிலோ ஆள், காட்டுப் பாதை, 10 சதவீத ஏற்றம், மணிக்கு 4 கி.மீ. என்று போட்டுப் பார்த்தேன். 16 கிலோ சுமையோடு சுமார் 705 வாட், 8 கிலோவோடு 645, வெறுங்கையோடு 585. சுமையைப் பாதியாக்கியும் மிச்சமாவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு! ஆள் தன்னுடைய 70 கிலோவை எப்படியும் மலையேற்ற வேண்டியிருக்கிறதே. கிராம் கிராமாகச் செலவழித்து எடை குறைப்பவர்களுக்கு இது கசப்பான கணக்கு. காலில் கட்டிய சுமையோ முதுகில் வைத்ததைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு ஆற்றலைத் தின்னும் என்று கோல்ட்மனும் சூலும் 1969இலேயே அளந்துவிட்டார்கள். கேட்வுட்டின் கேன்வாஸ் ஷூவில் விவேகம் இருந்தது. பின்னாளில் ரே ஜார்டின் என்ற விண்வெளிப் பொறியாளர், பாறை ஏறுவோருக்கான பிடிமானக் கருவியால் முன்பே பெயர்பெற்றவர், 1992இல் எழுதிய கையேட்டில் கனத்த மலையேற்றப் பூட்ஸைக் கைவிட்டு ஓட்டக் காலணி போடச் சொன்னார்.

ஆற்றல் கணக்கு சொல்லாத ஒன்றைத் தோள் சொல்லும். கழுத்தெலும்புக்கு அடியில் செல்லும் நரம்புகளையும் ரத்தக் குழாய்களையும் பட்டை அழுத்தினால் கை மரத்துப்போகும். இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கோ அந்தச் சிக்கல் இல்லை. கலிஃபோர்னியாவில் டிக் கெல்ட்டி 1952இல் அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் வைத்த முதுகுப்பையை விற்கத் தொடங்கினார். அவர் மனைவி நீனா துணியைத் தைத்தார். அதற்குப் பிறகு நல்ல முதுகுப்பை என்றால் சுமையைத் தோளிலிருந்து இடுப்புக்குக் கடத்துவது என்றாகிவிட்டது. நேபாளச் சுமைகூலிகள் இந்த இலக்கணத்துக்கு வெளியே நிற்கிறார்கள். நம்சே பஜார் போகும் வழியில் பெல்ஜிய ஆய்வாளர்கள் எடுத்து 2005இல் வெளியிட்ட அளவீட்டில், ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 சதவீதத்தை, நெற்றியில் மாட்டிய ஒரு பட்டையில் தொங்கும் கூடையில் சுமந்தார்கள். அதுவும் மேலைநாட்டு முதுகுப்பைக்காரர்களைவிடக் குறைந்த ஆற்றல் செலவில். அது சிறு வயதிலிருந்து பழகிய கழுத்து. விடுமுறைக்கு நடக்கப் போகிறவர்களுக்குக் கைகொடுக்காது.

முதுகுப்பையைக் கடைசியாகத்தான் வாங்க வேண்டும். ஏறக்குறைய எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள், அதுவும் 65 லிட்டர். இடம் இருந்தால் பொருள் தானாகச் சேரும். ஹாமக் தொகுதி 2 கிலோ, போர்வை, மாற்றுடை, அடுப்பு, சில்லறைச் சாமான் சேர்ந்து மூன்று கிலோ, மூன்று நாள் உணவு 2 கிலோ, தண்ணீர் 2 கிலோ என்று வைத்தால் 9 கிலோ. இதெல்லாம் 45 லிட்டரில் அடங்கும். சட்டமில்லாத அரைக் கிலோப் பைகள் ஒன்பது கிலோ வரைதான் வசதி. அதற்கு மேல் பை தொய்ந்து, எடை முழுக்கத் தோளுக்குத் திரும்பிவிடும். இங்கே அந்த ஃபோம் பாய் இன்னொரு வேலைக்கு வருகிறது. அதை மடித்து முதுகை ஒட்டி உள்ளே வைத்தால் அதுவே சட்டம். ஹாமக்கின் நீளத்தைப் போலவே பைக்கும் ஓர் அளவு உண்டு: தலை குனிந்தால் கழுத்தின் அடியில் புடைக்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை. உயரமான ஆளுக்கும் முதுகு குட்டையாக இருக்கலாம். முதுகு நீளம் பொருந்தாத பையில் இடுப்புப் பட்டை வயிற்றில் ஏறும், விலை எவ்வளவானாலும். மழைக்குத் தனி உறை வேண்டாம். தடித்த பிளாஸ்டிக் சாக்கு ஒன்றைப் பைக்குள்ளே விரித்து அதற்குள் பொருளை அடுக்கினால் போதும்.

கடைக்குப் போகும்போது சேர்த்து வைத்த சாமானை ஒரு மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோங்கள். பைக்குள் போட்டு, முதலில் இடுப்புப் பட்டையை எலும்பின் மேல் இறுக்கி, பிறகு தோள்பட்டையைச் சரிசெய்து, மாடிப்படி இருந்தால் நான்கைந்து முறை ஏறி இறங்குங்கள். தோள்பட்டைக்கு அடியில் இரண்டு விரல் எளிதாக நுழைந்தால் எடை இடுப்பில் இருக்கிறது. நுழையாவிட்டால் அடுத்த பையை எடுக்கச் சொல்லுங்கள்.